கீழ்ப்படியாமை என்ற குற்றமும் தோட்டத்தில் அதற்கு இருந்த பெயர்களும்

பதிவு நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

தரம் 11 வரலாறு படிப்பிக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். 1818இல் ஊவா வெல்லஸ்ஸவில் நடந்ததை ஒரு புத்தகம் "கலகம்" என்கிறது, இன்னொன்று "கிளர்ச்சி" என்கிறது, மூன்றாவது "விடுதலைப் போராட்டம்" என்கிறது. பரீட்சையில் எதை எழுதுவது, சேர்? பிள்ளைகளுக்குப் புள்ளிதான் பிரச்சினை. எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரிக் குடைந்தது.

கெப்பெட்டிப்பொல உட்பட 19 பேரை ஆங்கிலேய அரசு 1818இல் வர்த்தமானியில் துரோகிகள் என்று அறிவித்தது. ஏறத்தாழ 200 வருடம் அந்த அறிவித்தல் அப்படியே கிடந்தது. 2016இல்தான் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை இரத்துச் செய்து, அவர்களைத் தேசிய வீரர்கள் என்று அறிவித்தார். அவர்கள் செய்த காரியத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பெயர்தான் மாறியது, அதற்கு 198 வருடம் எடுத்தது.

சரி, எங்கள் மலையகத்தில் என்ன நடந்தது? கோப்பிக் காலத்திலிருந்து தேயிலைக் காலம் வரை தோட்டத்தில் "இல்லை", "மாட்டேன்" என்று சொன்னவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? அவர்களை யாரும் துரோகிகள் என்று அறிவிக்கவில்லை. துரோகி ஆவதற்குக்கூட நாட்டில் ஓர் இடம் வேண்டும். இவர்களுக்குக் கிடைத்த பெயர்கள் சிறியவை. அவை ஒரு சட்டத்துக்குள் இருந்தன.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். அதற்கு முன் 1841இலும் இதே மாதிரி ஒரு சட்டம் இருந்தது. 1865 சட்டம் தோட்டத் தொழிலாளியை மாத ஒப்பந்தக்காரராக எடுத்துக்கொண்டது. முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால் அந்த மாதம் அடுத்த மாதமாகத் தானாக நீளும். ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையிலானதுதானே, ஒருவர் மீறினால் சிவில் வழக்குத்தானே என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. தொழிலாளி மீறினால் அது குற்றவியல் விடயம். வேலைக்கு வர மறுப்பது, குடித்திருப்பது, கட்டளைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாதது, மரியாதைக் குறைவாக நடப்பது, கடமையில் பெரும் அலட்சியம், அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போவது, எல்லாம் குற்றம். சம்பளம் பறிபோகலாம், ஐந்து பவுண் வரை தண்டம் போடலாம், மூன்று மாதம் வரை சிறையில் வைக்கலாம். ஐந்து பவுண் என்பது அந்தக் காலத்துத் தோட்டக் கூலி ஒருவர் மாதக் கணக்கில் உழைத்தாலும் கையில் சேராத காசு.

இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. ஒரு மனிதன் தன் உடம்பையும் வாயையும் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்வதுதான் அதில் இருப்பதெல்லாம். வரமாட்டேன் என்பது, எதிர்த்துப் பேசுவது, எழுந்து போய்விடுவது.

இங்கிலாந்திலும் எசமான்-வேலையாள் சட்டம் என்று இதே வகைச் சட்டம் இருந்தது. அங்கே 1875இல் அதன் குற்றத் தண்டனைகளை எடுத்துவிட்டார்கள். வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காக ஓர் ஆங்கிலேயத் தொழிலாளியைச் சிறையில் போட முடியாது என்று ஆன பிறகும், அதே ஆங்கிலேயரின் தோட்டத்தில் எங்கள் ஆட்களை நாற்பது வருடத்துக்கு மேல் போட முடிந்தது.

சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா என்றால், கோப்பிக் காலத்தில் மாதக்கணக்கில் நிலுவை. 1889இல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளரைக் காப்பாற்ற வந்த சட்டம். மாதம் முடிந்து 60 நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றது. காப்பாற்றும் சட்டமே இரண்டு மாதம் தவணை கொடுத்தது என்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்?

அனுமதியில்லாமல் போவதற்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயர் பட்டாளத்துச் சொல். படையை விட்டு ஓடும் சிப்பாய்க்குச் சொல்லும் அதே சொல்தான். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் அடுத்த மலைத் தோட்டத்தில் இருக்கும் அக்காவிடம் போனால், அவள் படையை விட்டு ஓடியவள்! இது தற்செயல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துச் சொற்களில் பாதி பட்டாளத்தில் இருந்து வந்தவை. லயம் என்பது படைவீரர் தங்கும் வரிசைக் கட்டடத்தின் ஆங்கிலப் பெயர். பெரட்டு என்பது பரேட். விடியற்காலையில் தப்பு அடித்து எல்லாரையும் பெரட்டுக்களத்தில் நிறுத்தி, ஆள் எண்ணி, மலை பிரித்து அனுப்புவார்கள். எங்கள் பிள்ளைகள் "பெரட்டு"க்கும் "புரட்சி"க்கும் தொடர்பு உண்டா என்று கேட்பார்கள். சொல்லளவில் இல்லை. ஆனால் பெரட்டுக்களத்தில்தான் பின்னாளில் வேலைநிறுத்தக் கூட்டங்களும் நடந்தன.

போய்விடுவதைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதவில்லை. இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பற்றுச்சீட்டு. பழைய தோட்டத்தில் இருந்து ஒழுங்காக விலகினார் என்பதற்கான அத்தாட்சி. அது இல்லாமல் அடுத்த தோட்டம் எடுக்காது. மற்றது துண்டு. ஊரில் இருந்து கூட்டிவந்த செலவு, வழியில் கொடுத்த அரிசி, கம்பளி, கல்யாணம், சாவு என்று எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறிக் கடனாக நிற்கும். அந்தக் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடிதம்தான் துண்டு. கங்காணி அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய துரை கடனைக் கட்டுவார். கடன் குறையாது, கை மாறும். பல நேரம் கூடிக்கொண்டே போகும். ஆட்களும் கடனோடு சேர்ந்து போவார்கள்.

இந்த அமைப்புக்குள் ஒரு குடும்பம் இராவோடு இராவாகச் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் அது என்ன? சட்டத்தில் குற்றம். துரைமார் சங்கக் கணக்கில் நட்டம். கங்காணிக்கு நம்பிக்கைத் துரோகம். போகிறவர்களுக்கு? அவர்கள் அதற்குப் பெரிய பெயர் எதுவும் வைக்கவில்லை. "அந்தத் தோட்டத்துக்குப் போயிட்டாங்க" என்பதுதான். நமது வீட்டுப் பெரியவர்கள் குடும்பக் கதை சொல்லும்போது, "அப்ப நாங்க அங்கிருந்து இங்க வந்துட்டோம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போவார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்த ஒரு வரிக்குள் சில நேரம் ஒரு சிறைத் தண்டனைக்குரிய குற்றம் ஒளிந்திருக்கிறது.

இலக்கணம் கொஞ்சம் பேசட்டும். ஆசிரிய கலாசாலையில் படித்தது இங்கேதான் உதவுகிறது. "கீழ்ப்படிதல்" என்ற சொல்லைப் பிரித்தால் கீழே படிதல், தூசி படிவது போல. "கீழ்ப்படியாமை" என்றால் கீழே படியாமல் இருப்பது. ஆமை என்று முடியும் எதிர்மறைப் பெயர்களைத் திருக்குறள் அதிகாரத் தலைப்புகளில் பார்த்திருப்பீர்கள்: கள்ளாமை, கொல்லாமை, வெஃகாமை. அங்கே எல்லாம் ஒன்றைச் செய்யாமல் இருப்பது அறம். இந்தச் சட்டத்தில் ஒன்றைச் செய்யாமல் இருப்பது குற்றம். வடிவம் ஒன்றுதான்.

எங்கள் மார்க்கத்தில் "மாறு செய்தல்" என்ற சொல்லைப் பயன்படுத்துவோம். அல்லாஹ்வுக்கு மாறு செய்வதுதான் பாவம். படைத்தவனுக்கு மாறு செய்யும் ஒரு காரியத்தை எந்தப் படைப்பு ஏவினாலும் அதற்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்பது நாம் எல்லாரும் ஜும்ஆவில் கேட்ட ஹதீஸின் கருத்து. அதாவது கீழ்ப்படிதலுக்கு ஓர் எல்லை உண்டு. 1865 சட்டத்தில் அந்த எல்லை எங்கே என்று தேடினால் "நியாயமான காரணம்" என்று ஒரு சொல் இருக்கிறது. அது நியாயமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் நீதவான். அந்தக் காலத்து மலைநாட்டில் அவர் துரையோடு ஒரே கிளப்பில் உட்காரக்கூடியவர்.

இனி, வாயால் மறுப்பது. தமிழில் மறுக்க இரண்டு வழி உண்டு. "மாட்டேன்" என்றால் அதற்குள் "நான்" இருக்கிறது. விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். "முடியாது" என்றால் ஆள் இல்லை. யாருக்கு முடியாது, ஏன் முடியாது என்பது அதில் வராது. சக்தி இல்லை என்றும் எடுக்கலாம், விருப்பம் இல்லை என்றும் எடுக்கலாம். நம்மவர்கள் பேசும் "ஏலாது" என்பதும் அப்படித்தான். தோட்டத்தில் "மாட்டேன்" என்று சொன்னால் அது கட்டளை மீறல், சிறை. "மேலுக்கு முடியல" என்று சொன்னால் காய்ச்சல், தோட்டத்து டிஸ்பென்சரி. ஒரே ஆள், ஒரே காலை, ஒரே மலைக்குப் போகாமை. எந்த வினைச்சொல் என்பதில் மூன்று மாதச் சிறை தொங்கிக்கொண்டிருந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் அந்த "முடியாது"வை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார் என்பதும் ஒரு மனிதரின் தலையெழுத்தாக இருந்திருக்கும்.

ஜேம்ஸ் ஸ்கொட் என்ற அமெரிக்க அறிஞர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விவசாயக் கிராமத்தில் தங்கி இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 1985இல் வந்தது. பலவீனமானவர்களின் ஆயுதங்கள் என்பது அதன் தலைப்பு. காலை இழுத்து இழுத்து வேலை செய்வது, தெரியாதது போல நடிப்பது, வராமல் இருப்பது, பின்னால் பேசுவது, இவையெல்லாம் போராட்டத்தின் வகைகள் என்றார். நல்ல புத்தகம். ஆனால் எங்கள் தோட்டத்தில் எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் இதைத் தலைப்பு இல்லாமலே சொல்லியிருப்பார். அரைப்பேர் போட்டாலும் பரவாயில்லை என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த கதைகள் எத்தனை!

"பேர்" என்ற சொல்லையும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். ஒரு மனிதருக்குப் பாதிப் பெயர்.

மரியாதைக் குறைவு என்ற குற்றத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு வருத்தம் உண்டு. தோட்டத்தில் துரையைக் கண்டால் ஒதுங்கி நின்று, குனிந்து, "சலாம் தொரை" என்று சொல்ல வேண்டும். ஸலாம் என்றால் சாந்தி. யார் யாருக்கும் சொல்லலாம், சிறியவர் பெரியவருக்கும் பெரியவர் சிறியவருக்கும், கேட்டவர் அதைவிட அழகாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை எடுத்து ஒரு பக்கம் மட்டும் சொல்லும் சொல்லாக்கி, சொல்லாதவனுக்குத் "திமிர்" என்று பெயர் வைத்தார்கள். மொகலாயர் காலத்தில் இருந்து இந்தியா முழுக்க வெள்ளையர் எடுத்துக்கொண்ட பழக்கம் அது, தோட்டத்தோடு தொடங்கியது அல்ல. ஆனாலும் மற்ற இடங்களில் அது வழக்கொழிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் இங்கே நீடித்தது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். தொழிலாளரைச் சிறையில் போடும் பிரிவுகளை எடுக்க வேண்டும் என்று 1910களின் கடைசியில் தொடர்ந்து வாதாடினார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சிறைத் தண்டனையும் 1920களின் தொடக்கத்தில் போனது. அதற்குப் பிறகு தோட்டத்தை விட்டுப் போவது குற்றம் இல்லை. ஆனால் தோட்டத்துக்குள் வெளியார் வருவது குற்றமாகவே இருந்தது. அத்துமீறல்.

கோ. நடேசய்யர் கதை இங்கேதான் வருகிறது. தஞ்சாவூர்க்காரர், பிராமணர், படித்தவர். 1915இல் இலங்கைக்கு வந்தபோது தோட்டத்து நிலைமையை நேரில் பார்க்க ஆசைப்பட்டார். நேராகப் போனால் விடமாட்டார்கள். புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். அந்தக் காலத்தில் தலையில் மூட்டையோடு லயத்துக்கு லயம் போய்வரக்கூடியவர்கள் புடவைக்காரர்கள்தான், அதில் எங்கள் சமூகத்தவரும் நிறையப் பேர். துரைமாருக்குப் புடவை மூட்டை பயமில்லை, பேனா பயம். நடேசய்யர் மூட்டைக்குள் பேனாவைக் கொண்டுபோனார் என்றுதான் நான் வகுப்பில் சொல்வது. பின்னர் தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகள். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம். மனைவி மீனாட்சியம்மை மேடையில் பாடினார். எழுத வாசிக்கத் தெரியாத ஆட்களுக்குச் சட்டத்தையும் உரிமையையும் தெரிந்த மெட்டில் பாட்டாகக் கொடுத்தார்.

இந்தக் காலத்தில்தான் தோட்டத்துக்குள் புதிய சொற்கள் வந்தன. சங்கம், வேலைநிறுத்தம், ஸ்ட்ரைக்கு. "ஸ்ட்ரைக்" என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் மறுப்பின் கதைதான். 1768இல் லண்டனில் கப்பல் தொழிலாளர்கள் சம்பளம் கேட்டுப் பாய்களைக் கீழே இறக்கி வைத்தார்கள், கப்பல் நகராமல் போனது. பாயை இறக்குவதற்கு அவர்களின் சொல் அது. எங்கள் ஆட்கள் கூடையை இறக்கினார்கள். பாய்க்கட் என்ற சொல்லோ ஓர் ஆளின் பெயர். 1880இல் அயர்லாந்தில் குத்தகைக்காரரை வெளியேற்றப் பார்த்த பண்ணை முகவர் கப்டன் பாய்க்கட்டுக்கு ஊரே வேலை செய்ய மறுத்தது, அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. நாம் அதைப் பகிஷ்கரிப்பு என்கிறோம். எங்கள் துரைமாரில் யாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

சங்கம் வந்ததும் இலக்கணத்தில் ஒரு மாற்றம் நடந்தது. "மாட்டேன்" போய் "மாட்டோம்" வந்தது. ஒருவரைத் தனியாகப் பிடித்துப் "திமிர் பிடித்தவன்" என்று சொல்வது சுலபம். ஒரு டிவிசனே பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தால் அதே சொல்லைச் சொல்ல முடியாது. வேறு சொல் தேட வேண்டும். "தூண்டிவிடுபவர்கள்" என்ற சொல் அப்போதுதான் தேவைப்பட்டது. தொழிலாளிக்குத் தானாகக் கோபம் வராது, வெளியிலிருந்து யாரோ வந்து கிளப்பிவிடுகிறார்கள் என்ற எண்ணம். இன்றைக்கும் சம்பளப் போராட்டம் வந்தால் காதில் விழும் சொல்.

அப்படிப்பட்ட "தூண்டிவிடுபவர்" ஒரு வெள்ளைக்காரராக இருந்தால்? மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல், அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஆங்கிலேய இளைஞர், 1936இல் மடுல்கெல்லைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தவர். தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டத்தில் தோட்டத்துரைமாரைத் தாக்கிப் பேசினார். அங்கே இருந்த துரை ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூலிகள் "சாமி, சாமி" என்று குரல் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. பேசுபவரின் முகமும் நிற்கும் விதமும் பயமுறுத்துவதாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அதிகாரத்துக்கு அவர் ஆபத்தான ஆள், ஆளுநர் நாடுகடத்த உத்தரவிட்டார், இரண்டு நாள் அவகாசம். அவர் தலைமறைவாகி, மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையேறினார். உயர்நீதிமன்றம் பேசியதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாது என்று விடுவித்தது. படிக்கும்போது சினிமா போல இருக்கும். ஆனால் எனக்கு அந்தச் "சாமி"தான் முக்கியம். "தொரை" என்று மட்டும் ஒரு வெள்ளைத் தோலைக் கூப்பிடப் பழகியவர்கள், துரைத்தனத்தை மறுத்த ஒருவருக்குத் தங்களிடம் இருந்த சொற்களில் உயர்ந்த ஒன்றைக் கொடுத்தார்கள். தோழர் என்ற சொல் இன்னும் அவர்கள் வாய்க்கு வந்திருக்கவில்லை.

அவருக்கு உயர்நீதிமன்றம் கிடைத்தது. கோவிந்தனுக்குக் கிடைக்கவில்லை. ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டம். சம்பள உயர்வும் சங்கமும் கேட்டு வேலைநிறுத்தம். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டார்கள், கோவிந்தன் செத்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்று அவரைச் சொல்கிறோம். விசாரணைக்குழு உட்கார்ந்தது. கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளருக்காக வாதாடினார். முல்லோயா வழக்குகள் சம்பந்தமாக ஆளுநரோடும் பொலிஸ் மா அதிபரோடும் வந்த இழுபறியில் அமைச்சர்கள் இராஜினாமாச் செய்யும் அளவுக்கு விடயம் பெரிதானது. அமைச்சர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார்கள்.

1948இல் பிரஜாவுரிமை போனது. இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் செல்கிறேன். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிப்பு என்றது, விண்ணப்பிக்காதீர்கள் என்றது. பிறகு மனம் மாறி, கடைசி நேரத்தில் எல்லாரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. 1951 ஆகஸ்டோடு தவணை முடிந்தது. மறுப்பது எப்போதும் சரியாக அமையும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பகிஷ்கரிப்பால் போன மாதங்களுக்கு மக்கள்தான் விலை கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். வேறு எண்ணம் உள்ளவர்கள் சொல்லலாம்.

1952இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம், மாதக்கணக்கில். அந்தச் சொல்லும் சும்மா இந்தியாவில் இருந்து வந்ததல்ல. காந்தி அதைத் தென்னாபிரிக்காவில் உருவாக்கினார், 1913இல் நேட்டாலில் சுரங்கத்தையும் கரும்புத் தோட்டத்தையும் விட்டு எழுந்து நடந்தவர்களில் பெருந்தொகையினர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள். ஒரு தோட்டத்துத் தமிழரிடம் இருந்து இன்னொரு தோட்டத்துத் தமிழருக்கு நாற்பது வருடம் சுற்றி வந்த சொல் அது.

எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போகமாட்டேன். ஏ. அஸீஸ். குஜராத்தில் பிறந்தவர், இலங்கை இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்தவர், 1950களின் நடுவில் தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தியவர். தோட்டத்துப் போராட்டம் என்றால் அது "அவர்களுடைய" விடயம், நாம் பஸாரில் கடை வைத்திருப்பவர்கள் என்று ஒரு பேச்சு எங்கள் வீடுகளில் உண்டு. கடையின் கணக்குப் புத்தகத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் யாருடையவை?

1977 மே 11. டெவோன் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க அரசாங்கம் எடுத்த முயற்சியை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். இங்கே மறுப்பின் பொருள் தலைகீழாகிவிட்டது. பாட்டன் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றம். பேரன் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போகமாட்டேன் என்றது குற்றம்.

கடைசியாக ஒரு சொல். எனக்கு மிகப் பிடித்தது. 1986 ஜனவரி. நாட்டில் யுத்தம். வேலைநிறுத்தம் என்றால் அவசரகாலச் சட்டம் பாயலாம், வன்செயல் வரலாம், 1983 இன்னும் கண்ணில் நிற்கிறது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை. பிரார்த்தனை என்றது. தைப்பொங்கலோடு தொடங்கியது. காலையில் வேலைக்குப் போகாமல் எல்லாரும் கோயிலிலும் பெரட்டுக்களத்திலும் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வேண்டும் என்று. பிரார்த்தனை செய்யாதே என்று எந்த அரசாங்கம் உத்தரவு போடும்? எந்தத் தோட்ட நிர்வாகம் "இறைவனை வணங்கியதால் அரைப்பேர்" என்று எழுதும்? மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடமே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் விசேட சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. பிரார்த்தனை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. இந்தியாவின் அழுத்தம், யுத்தச் சூழல் எல்லாம் இருந்தது. ஆனால் 121 வருடத்துக்கு முந்திய அந்தச் சட்டப் பட்டியலில் எந்தக் குற்றத்துக்குள்ளும் அடங்காத ஒரு மறுப்பை எங்கள் மக்கள் கண்டுபிடித்திருந்தார்கள். துஆவை இப்படியும் கேட்கலாம் என்று நான் முதலில் வாசித்தபோது சிரித்துவிட்டேன்.

2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் கறுப்பு உடுப்போடு இளைஞர்கள் ஆயிரம் ரூபாவுக்காகக் கூடினார்கள். என்னிடம் படித்த சிலரும் கொழும்புக் கடைகளில் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முகநூலில்தான் ஆள் சேர்த்தார்கள். சங்கம் கூப்பிடாமல், தலைவர் சொல்லாமல் போன கூட்டம் அது. அவர்களின் பாட்டன் பாட்டிமார் "முடியல" என்று சொன்னதை அவர்கள் பதாகையில் எழுதிக்கொண்டு நின்றார்கள்.

மலையக எழுத்தாளர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளையின் ஒரு நாவலின் பெயர் "இனிப் படமாட்டேன்". கையில் கிடைத்தால் வாசியுங்கள். தலைப்பில் "முடியாது" இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் மாதிரி. உங்கள் வீட்டில், பக்கத்து லயத்தில், எழுபது தாண்டியவர்கள் இருந்தால் கேளுங்கள். வேலைக்குப் போகாமல் இருந்துவிட்ட நாளுக்கு அவர்கள் என்ன சொல் பாவித்தார்கள், சொல்லாமல் தோட்டம் மாறியதற்கு என்ன சொல், துரைக்குச் சலாம் போடாதவரை மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வேறாக இருக்கும். அட்டன் பக்கம் இருக்கும் சொல் ராகலைப் பக்கம் இருக்காது. எழுதி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சேர்த்து எழுதினால் நல்லது. சொன்னவரின் பெயர் அவர் விரும்பினால் மட்டும்.